சுகம் யாருக்கும் இல்லை

உடுவில்
12.01.2025

வாகீசன்,

உன் காவிப் பெயரை எழுதினால்தான் கடிதம் மலைக்கு ஏறும் என்று ஜெயசுதன் சொன்னான். உறையில் அதை எழுதியிருக்கிறேன். உள்ளே நீ வாகீசன்தான். அம்மா வைத்த பெயரை மாற்ற எனக்கு உரிமையில்லை.

தொலைபேசியில் கதைக்கலாமே என்று நினைப்பாய். உங்கள் ஆரண்ய விகாரையின் இலக்கத்தை இந்தக் கையால் இனி அழுத்தமாட்டேன். அது ஆடி மாதத்தோடு முடிந்த கதை.

அம்மா போய் அரை வருசமாகப் போகிறது. தாய்க்குக் கடைசி மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும். சின்னம்மாவின் மகன் ஜெயசுதன் வைத்தான். உன்னைத் திட்டுவதற்கு இதை எழுதவில்லை. திட்டுவதென்றால் இந்தத் தாள் காணாது.

எனக்கு உன்னிடம் ஒரு உதவி வேண்டும்.

குகதாசன் என்று ஒருவர். சாவகச்சேரியில் தண்ணீர்ப் பம்பு திருத்தும் கடை வைத்திருக்கிறார். மனைவி நோயில் இறந்து கனகாலம், பிள்ளைகள் இல்லை. எங்கள் கிணற்றுப் பம்பைத் திருத்த வந்தவர், பிறகு பம்பு பழுதில்லாமலும் வந்தார். என்னைக் கட்ட விருப்பம் என்று கேட்டிருக்கிறார். எனக்கு நாற்பத்தாறு வயது. சாமிமார் சிரிக்கலாமோ தெரியாது, நீ சிரிக்காதே.

எனக்கும் விருப்பம். அதுதான் கரைச்சல். அம்மா இருக்கும்வரை "அம்மாவை விட்டிட்டு எப்பிடி" என்று சொல்லித் தப்பினேன். இப்போது அவ இல்லை. தாய் எப்போது சாவா என்று பார்த்திருந்து மாப்பிள்ளை எடுத்தாள் என்று ஊர் சொல்லும். ஊர் கிடக்கட்டும், என் நெஞ்சே சொல்கிறது. அவர் சிரித்துக் கதைத்தால் நானும் சிரிக்கிறேன். அவர் போனபிறகு அம்மாவின் கட்டிலைப் பார்க்க முடிவதில்லை.

வேண்டாம் என்று சொல்லப் பார்க்கிறேன், வாய் வருகிறதில்லை. சந்தோசத்தைத் தேடி ஓடுவது வீண் என்று உங்கள் புத்தர் சொன்னாராமே. அதை நல்ல தமிழில் விளக்கமாக எழுதி அனுப்பு. அவருக்கு வாசித்துக் காட்டி அலுவலை முடித்துவிடுகிறேன். நீ கட்டிய காவியால் இந்த வீட்டுக்கு ஒரு பிரயோசனமாவது இருக்கட்டும்.

தயாளினி


ஆரண்யம், மாத்தளை
02.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் கேட்டதை எழுதுகிறேன்.

சுகம் என்று நாம் தேடுவதெல்லாம் வந்து போவது. அது கிடைக்கும்வரை ஒரு துக்கம், கிடைத்ததைக் காப்பாற்ற ஒரு துக்கம், இழந்தபின் இன்னொரு துக்கம். உலகத்தில் சுகமே இல்லை என்று பகவான் சொல்லவில்லை. நிலைக்காத ஒன்றை நிலைக்கச் சொல்லிப் பிடிப்பதுதான் துக்கத்தின் வேர் என்றார். அந்தப் பிடிப்புக்கு அவர் வைத்த பெயர் தாகம். உவர்த்தண்ணீர் குடித்தால் தாகம் கூடும் என்பதை யாழ்ப்பாணத்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

கலியாணமும் அப்படித்தான். இன்று சிரிக்க வைக்கிறவர் நாளை நோயில் படுப்பார், அல்லது நீங்கள் படுப்பீர்கள். ஒருவர் மற்றவரைச் சுடலைக்கு அனுப்பத்தான் வேண்டும். அவர் ஏற்கெனவே மனைவியை அனுப்பியவர். நீங்கள் அம்மாவை அனுப்பியவர். அதைத் திரும்பவும் ஏன் தேடிப் போகவேண்டும்? வேண்டாம் என்று நீங்கள் நினைப்பது சரியென்றே எனக்குப் படுகிறது.

அம்மாவுக்காக ஒவ்வொரு நாளும் புண்ணியம் சேர்க்கிறேன்.

எல்லா உயிர்களும் சுகமாக இருக்கட்டும்.

நந்தசார


உடுவில்
23.02.2025

வாகீசன்,

உன் பிரசங்கம் வந்தது. நல்ல கெட்டிக்காரன் நீ. அவரைக் கிணற்றடியில் நிற்கவைத்து வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். "நல்லாத்தான் எழுதியிருக்கிறார். உவர்த்தண்ணிக் கதை சரி. ஆனா நல்ல தண்ணிக் கிணறு எங்கையிருக்கெண்டு அவர் எழுதேல்லையே" என்றார். எனக்கும் அதுதான் முடிவு என்று கடிதத்தை மடித்தேன். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனவர், பிறகு இந்தப் பக்கம் காணவில்லை. கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. அன்று சோறு இறங்கவில்லை.

அதோடு பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் கடிதத்தின் அடியில் ஒரு வரி போட்டிருக்கிறாயே, எல்லா உயிர்களும் சுகமாக இருக்கட்டும் என்று, அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு விசர் பிடிக்கிறது. உங்கள் ஆட்களுக்கு அந்தச் சொல்லை வாயில் எடுக்க வெட்கமில்லையா?

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆரண்யத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். உங்கள் பெரிய சாமிதான் எடுத்தார். தமிழ் கொஞ்சம்தான் வரும் என்று விளங்கியது. சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். "அம்மாவுக்கு. சுகம். இல்லை. தம்பியிட்டைச் சொல்லுங்கோ." அவரும் திருப்பிச் சொன்னார், "அம்மாவுக்குச் சுகம் இல்லை, ஓம், ஓம்." பிறகு சிங்களத்தில் ஐயோ என்பதுபோல, "அனே, சுகம் யாருக்கும் இல்லை அம்மா" என்றார். தாய் கிடக்கிறா என்று ஒருத்தி அழுகிறாள், அந்த மனுசன் தத்துவம் சொல்கிறார்! நெஞ்சில் ஈரமே இல்லையோ?

உன்னை வா என்று நான் சொல்லவில்லைதான். சொல்லி அழைக்க நீ என்ன விருந்தாளியோ? சுகமில்லை என்று கேட்டால் ஓடிவர வேண்டியவன் நீ. அம்மா வாசலைப் பார்த்துப் பார்த்துக் கிடந்தா. நீ காவி கட்டிய நாளிலிருந்து, மகன் கனடாவில் இருக்கிறான் என்றுதான் ஊருக்குச் சொல்லிவந்தா. எங்கள் காணிகளில் புத்த விகாரை வேண்டாம் என்று சனம் வீதியில் நிற்கிற இடத்தில் அவ வேறு என்னத்தைச் சொல்வா? ஆனால் ஆஸ்பத்திரியில் தாதி ஒருத்தி, "பிள்ளையள் எங்கையம்மா?" என்று கேட்க, "மகள் உவள். மகன் சாமியாராய் இருக்கிறான். சொல்லியிருக்கு, வருவான்" என்றா. எனக்குக் கேட்கத்தான் சொன்னா.

செத்தவீட்டுக்கு உன்னைக் கூப்பிட வேண்டாம் என்று ஜெயசுதனைத் தடுத்தது நான்தான். எல்லாம் முடிந்தபிறகு சொல்லு என்றேன். உயிரோடு இருக்கும்போது வராதவன் பிணத்துக்கு எதற்கு?

தயாளினி


மாத்தளை
09.03.2025

அக்கா,

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

அன்று உங்களோடு கதைத்த பெரிய தேரர் என்னிடம் வந்து சொன்னது இதுதான்: "உன் அக்கா கதைத்தா. உன் அம்மா சந்தோசமாக இல்லையாம்."

அவர் சிங்களவர். தமிழைப் பாலி வழியாகப் படித்தவர். பாலியில் சுக என்றால் இன்பம். எங்கள் ஊரில் சுகமில்லை என்றால் நோய், காய்ச்சல், ஆஸ்பத்திரி என்று அவருக்குத் தெரியாது. நீங்கள் நிறுத்தி நிறுத்திச் சொன்னதால் இன்னும் தெளிவாகவே பிழையாக விளங்கியிருக்கிறது. சந்தோசமில்லாத ஒரு தாயைப் பற்றி மகள் முறையிடுகிறாள் என்று நினைத்து, தனக்குத் தெரிந்த ஆறுதலைச் சொல்லியிருக்கிறார்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அம்மா எப்போதுதான் சந்தோசமாக இருந்தா, நான் மொட்டையடித்த நாளிலிருந்து அதுதானே கதை என்று நினைத்தேன். சிரித்தும் விட்டேன். பிறகு போய்க் கண்ணை மூடிக்கொண்டு இருந்து, அம்மா சுகமாக இருக்கட்டும், சுகமாக இருக்கட்டும் என்று மனதுக்குள் சொன்னேன். அவவுக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்திருக்கும். நான் அங்கே நிம்மதியாக இருந்தேன், அக்கா. நல்ல தியானம் கூடியது என்று சந்தோசப்பட்டேன்.

அது மழைக்காலத் தங்கல். துறவிகள் இடம் விட்டு நகரக்கூடாத காலம். ஆனால் தாய்க்கு நோய் என்று அறிந்தால் ஏழு நாள் போய் வரலாம், யாரும் கூப்பிடாமலே போகலாம். விதியே அப்படித்தான் இருக்கிறது. நீங்கள் என்னை அழைக்காதது சரிதான். நான்தான் ஒரு கேள்வி திருப்பிக் கேட்கவில்லை. என்ன சொன்னா, எப்படிச் சொன்னா, அழுதாவா என்று பெரிய தேரரிடம் கேட்டிருந்தால் போதும்.

உங்கள் கடிதத்தை அவருக்கு விளங்கப்படுத்தினேன். முழுக்கக் கேட்டார். பிறகு எழுந்து என் முன்னால் கைகூப்பினார். மூத்தவர் இளையவருக்கு அப்படிச் செய்யும் வழக்கம் எங்களிடம் இல்லை. உங்களிடமும் மன்னிப்புக் கேட்டு எழுதச் சொன்னார்.

இனி மற்றது. என் முதற்கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். அதில் பொய் இல்லை, ஆனால் பாதியைத்தான் எழுதினேன். மிச்சப் பாதி இது. பகவான் ஞானம் பெறுமுன் உடம்பைப் பட்டினி போட்டு எலும்பாகிக் கிடந்தார். அப்போது அவருக்குச் சின்ன வயதில் ஒரு நாள் ஞாபகம் வந்தது. தகப்பனார் ஏர்விழாவில் நிற்க, பிள்ளை நாவல் மரத்துக்குக் கீழே இருந்த நாள். ஒன்றும் கிடைக்காமலே அன்று மனம் நிறைந்திருந்தது. யாருக்கும் கெடுதல் இல்லாத அந்தச் சுகத்துக்கு நான் ஏன் பயப்படுகிறேன் என்று தன்னைத்தானே கேட்டார். எழும்பிப்போய்ச் சோறு சாப்பிட்டார். கூட இருந்தவர்கள், உவன் சுகத்துக்கு மாறிவிட்டான் என்று விட்டுவிட்டுப் போனார்கள்.

இதை நான் அப்போது ஏன் எழுதவில்லை? நீங்கள் தனியே இருந்தால், அம்மாவுக்குக் கொள்ளி வைக்காத குற்றம் எனக்குக் கொஞ்சம் குறையும்போல இருந்தது. இரண்டு பேரும் துக்கத்தில் இருந்தால் கணக்குச் சரி என்று நினைத்திருக்கிறேன். குகதாசனிடம் போங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

வாகீசன்


உடுவில்
06.04.2025

தம்பி,

உன் கடிதத்தை வாசித்துவிட்டுக் குசினிக்குள் இருந்து குளறினேன். பக்கத்து வீட்டுக்காரி மதிலால் எட்டிப் பார்த்தா. ஒரு சொல், தம்பி! ஒரு சொல்லாலா அவ உன்னைப் பார்க்காமல் போனா? அந்தக் கிழவரிடம் சொல்லு, பாலி படித்தது காணும், தமிழைப் படிக்கச் சொல்லு. கோபமில்லை என்றும் சொல்லு. கோபம் இருக்கிறது, ஆனால் சொல்லாதே.

குகதாசனிடம் போ என்கிறாய். தை மாதம் வேண்டாம் என்று எழுதினாய், மாசியில் வேணும் என்கிறாய். நான் என்ன காற்றாடியோ, நீ ஊதின பக்கம் திரும்ப? உன் நாவல் மரக் கதை நல்ல கதைதான். புத்தர் சோறு தின்றபோது அவருடைய தாய் கீழே விழுந்து கிடந்தாவோ? அதைச் சொல்லு முதலில்.

நீ வராததற்காக உன்னைத் தின்றேனே, நான் எங்கே இருந்தேன் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. அம்மா விழுந்த பின்னேரம் நான் வீட்டில் இல்லை. கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவருடைய மோட்டார் சைக்கிளில் காங்கேசன்துறைக்குப் போனேன். "இருமலாய்க் கிடக்கு, இண்டைக்கு நில்லன் பிள்ளை" என்று அம்மா சொன்னா. "உடனை வந்திடுவன்" என்றேன். போய்க் கடற்கரை மணலில் இருந்தோம். அவர் பம்பு திருத்தப் போன வீட்டுக் கதைகளைச் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எத்தனை வருசத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்தேன் என்று தெரியாது. பொழுது பட்டது தெரியவில்லை. வரும்போது அம்மாவுக்கென்று வறுத்த கச்சான் கடலை வாங்கினேன். பல்லில்லாத மனுசிக்குக் கச்சான்! அவ்வளவு சந்தோசம் எனக்கு, புத்தி வேலை செய்யவில்லை.

வந்து பார்த்தால் குசினி வாசலில் கிடக்கிறா. இடுப்பு முறிந்துபோயிருந்தது. அங்கே கிடந்துதான் நெஞ்சில் சளி கட்டியிருக்க வேண்டும். கச்சான் பை என் கையிலேயே இருந்தது. ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோனேன், ஏனென்று தெரியாது.

இப்போது சொல்லு. அந்தச் சிரிப்புக்கு விலை அம்மா. அதே மனுசனைக் கட்டி நான் இன்னும் சிரிக்கவோ?

அக்கா


மாத்தளை
27.04.2025

அக்கா,

உங்கள் குற்றமில்லை என்று நான் எழுதினால் உங்களுக்கு நம்பிக்கை வராது. அதைச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. நீங்கள் கிணற்றடியில் நின்றிருந்தாலும் அவ விழுந்திருக்கலாம். அதுவும் உங்களுக்குத் தெரியும். அதனால் ஒன்றையும் அழிக்காமல் எழுதுகிறேன்.

எங்களிடம் வினை என்றால் எண்ணம். கை செய்ததைவிட மனம் நினைத்ததைத்தான் முதலில் பார்ப்போம். அந்தக் கடற்கரையில் உங்கள் மனம் என்ன நினைத்தது? அம்மா தொலையட்டும் என்றா? கச்சான் வாங்கியிருக்கிறீர்கள். நான் கண்ணை மூடி அம்மாவின் சுகத்தை வேண்டிக்கொண்டிருந்தேன், எனக்கு அவவின் முகம் வரவில்லை, அந்தச் சொல்தான் வந்தது. நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள், அந்தச் சிரிப்புக்குள்ளே அவவுக்கு என்ன வாங்கலாம் என்று வந்தது. எது உண்மையான தியானம் என்று எனக்கு இப்போது தெரியவில்லை.

இன்னொன்று. குற்ற உணர்வை நாங்கள் ஊரில் நல்ல குணம் என்று வளர்க்கிறோம். இங்கே அதை ஆசை, கோபம், சோம்பலோடு சேர்த்துத் தியானத்துக்குத் தடை என்கிறார்கள். முதலில் எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் என்னைப் பார்க்கிறேன். அம்மாவுக்கு நான் செய்த பிழையைத் தினமும் எடுத்துத் துடைத்து வைக்கிறேன். அதை விட்டால் அவவும் போய்விடுவா என்று பயம். நீங்களும் அதைத்தான் செய்கிறீர்களோ என்று நினைக்கிறேன். சந்தோசத்தைப் பிடித்தால் மட்டும்தான் பிடிப்பு என்று நினைத்திருந்தேன். துக்கத்தையும் பிடிக்கலாம், அக்கா. அது கையில் நன்றாகவே ஒட்டும்.

போவதும் விடுவதும் உங்கள் விருப்பம். இனி நான் ஊதமாட்டேன்.

தம்பி


உடுவில்
24.08.2025

தம்பி,

இவ்வளவு நாளாக எழுதாததற்குக் காரணம், எழுத ஒன்றும் இல்லாதது. போவதா விடுவதா என்று எண்ணிக்கொண்டே மாங்காய்க் காலம் போய்விட்டது.

அம்மாவின் ஆண்டுத்திவசம் முடிந்தது. ஐயர் வந்தார், ஜெயசுதன்தான் இருந்து செய்தான். சோறு படைத்து, காகத்துக்கு வைத்து, வந்தவர்களை அனுப்பிவிட்டு அடுத்த நாள் சாவகச்சேரி பஸ் எடுத்தேன்.

கடையில் கையெல்லாம் கிறீஸாக நின்றார். என்னைக் கண்டதும் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் அதில் இருக்கவில்லை. உன் கடிதங்களைக் கொண்டு போயிருந்தேன். "தம்பி மாத்தி எழுதியிருக்கிறான். வாசிக்கட்டோ?" என்றேன்.

"வேண்டாம்" என்றார்.

"சாமி வேண்டாமெண்டு எழுதினார், நீங்கள் வேண்டாமெண்டியள். இப்ப சாமி ஓமெண்டிறார், ஓமெண்டு வந்து நிக்கிறியள். நான் சாமியைக் கட்டக் கேக்கேல்லை. நீங்கள் என்ன சொல்லுறியள்?"

கடையில் இரண்டு பேர் பம்போடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கடிதங்களைக் கைப்பைக்குள் வைத்தேன். "எனக்குச் சந்தோசமாய் இருக்க விருப்பமாயிருக்கு" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல, அந்த இரண்டு பேரும் பம்பைக் குனிந்து பார்த்தார்கள். அவர் அழுதார், தம்பி. கிறீஸ் கையால் முகத்தைத் துடைத்து முகமெல்லாம் கறுப்பு. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த உடனே அம்மா குசினி வாசலில் கிடந்தது வந்தது. அது இனியும் வரும். வரட்டும் என்றிருக்கிறேன்.

தீபாவளி கழிய, ஐப்பசியில் கலியாண எழுத்து. மருதனார்மடத்தில் ஒரு சின்ன மண்டபம், நெருங்கின ஆட்கள் மட்டும். ஒரு பிரச்சினை இருக்கிறது. மாப்பிள்ளை வாசலுக்கு வரும்போது பெண்ணின் சகோதரன் தோழனாக நின்று கால் கழுவி உள்ளே கூட்டிவர வேண்டும். மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடவேண்டும். ஜெயசுதன் தான் செய்கிறேன் என்கிறான். வேண்டாம் என்றுவிட்டேன். கொள்ளியை அவனிடம் கொடுத்தது காணும். இதையும் கொடுக்க எனக்கு மனமில்லை.

உங்கள் ஆட்களின் காலைத்தான் மற்றவர்கள் தொட்டுக் கும்பிட வேண்டும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் கழுவலாமோ என்று தெரியாது. கேட்டு எழுது. ஏலாதென்றால் அந்த இடத்தில் ஒருவரும் நிற்க வேண்டாம், அவர் தானே கழுவிக்கொண்டு வருவார்.

அக்கா


மாத்தளை
14.09.2025

அக்கா,

பெரிய தேரரிடம் கேட்டேன். துறவி ஒருவன் இல்லறத்தாரின் காலைக் கழுவி ஊழியம் செய்வது குற்றம் என்றார். பெரிய குற்றமோ என்று கேட்டேன். சின்னதுதான், ஆனாலும் குற்றம் என்றார். பொன்னைத் தொடுவது அதைவிடப் பெரிது. ஆகவே எனக்கு மோதிரம் வேண்டாம் என்று அத்தானிடம் சொல்லுங்கள்.

தங்கல் முடிந்ததும் புறப்படுகிறேன். காவியைக் கண்டால் சனம் எப்படிப் பார்க்கும் என்று தெரியும். சின்னம்மா முகத்தைத் திருப்புவா. கால் கழுவுவது வாசலில்தானே, நான் வாசலோடு நின்றுகொள்கிறேன். தண்ணீரை மட்டும் நீங்கள் அள்ளி வையுங்கள்.

திரும்பி வந்து அடுத்த போயா, பௌர்ணமி நாளன்று பெரிய தேரரின் முன்னால் குந்தியிருந்து, செய்ததைச் சொல்லி ஒப்புக்கொள்ள வேண்டும். "இனிமேல் இப்படிச் செய்யாமல் இருப்பாயா?" என்று அவர் கேட்பார், அது முறை. ஓம் என்று நான் சொல்ல வேண்டும்.

மனதாரச் சொல்வேன். எனக்கு இருப்பது ஒரே அக்காதானே.

தம்பி